அரிசி 20, பருப்பு 1

மத்தியதரக் குடும்பங்களில் இரவு ஆகாரத்தைப் பற்றி இந்நாளில் நடைபெறும் சம்பாஷணை பெரும்பாலும் இரண்டு கவலைகளைச் சுற்றியே அமைந்திருக்கிறது: கையில் வாங்கிய சம்பளம் மாத முடிவு வரையில் நிற்கவில்லையே என்பது ஒன்று, இரத்தப் பரிசோதனைச் சீட்டில் சர்க்கரையும் கொழுப்பும் ஏறிக்கொண்டே போகின்றனவே என்பது மற்றொன்று. முன்னதற்கு மருந்து சிக்கனம் என்றும், பின்னதற்கு மருந்து ஓட்ஸ், கினோவா, ஆலிவ் எண்ணெய் முதலிய விலையுயர்ந்த சரக்குகள் என்றும், ஆகையால் இவ்விரண்டும் ஒரே அடுப்பில் வேகமாட்டா என்றும் ஓர் அபிப்பிராயம் ஜனங்களிடையே வேரூன்றியிருக்கிறது. சென்னையிலுள்ள மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் தலைமை தாங்கி நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வு, இத்தேசத்தில் நீரிழிவுக்காரர் தொகை பத்துக் கோடியைத் தாண்டிவிட்டதென்று கூறியிருக்கையில், ஆரோக்கியம் பணக்காரரின் பிரத்தியேக பாக்கியம் என்ற நினைப்பைச் சும்மா விட்டுவிடுவது தகாது.

முதலில் மலிவான பிரமைகளைத் தள்ளிவிடுவோம். இரவில் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறினால் தேகம் இளைத்துவிடும் என்று நம்பாத வீடு நம் ஊர்களில் அபூர்வம். ஆனால் 100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 350 கலோரி இருக்கிறதென்றால், அதே எடைக் கோதுமை மாவிலும் கேழ்வரகிலும் 320-க்குக் குறையாமல் இருக்கிறது. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்தும் நார்ச்சத்தும் மிகுதி என்பதில் சந்தேகமில்லை. எனினும் வயிறு நிறையத் தின்றால் அதுவும் தானியமே. சோற்றைத் துறந்துவிட்டோம் என்ற திருப்தியுடன் நாலு சப்பாத்தியை எண்ணெயிட்டுச் சுட்டு, உருளைக்கிழங்குக் குருமாவுடன் உண்பவர் கணக்கில் எதையும் துறந்தவரல்லர்.

கணக்கு உண்மையில் மாறும் இடம் எண்ணெய்க் கிண்ணம். மாவுச்சத்திலும் புரதத்திலும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பிலோ 9. ஒரே பாத்திரத்து மாவை ஆவியில் வைத்தால் இட்லி. அதையே கல்லில் வார்த்துத் தோசைக்கொரு தேக்கரண்டி எண்ணெய் விட்டால், மூன்று தோசைக்கு எண்ணெயில் மட்டும் 120 கலோரிக்கு மேல் சேர்ந்துவிடுகிறது. அரைமணி நேர நடையின் பலன் இவ்வாறு தோசைக்கல்லிலேயே தீர்ந்துபோகிறது. தேங்காயும் அப்படியே: 100 கிராம் தேங்காய் அதே எடை அரிசிக்குக் குறைந்ததன்று. இவ்விரண்டையும் விலக்கச் சொல்லவில்லை. தாளிதமில்லாத கூட்டு எவருக்கும் இறங்காது. பாட்டிலைச் சாய்த்து ஊற்றாமல் கரண்டியால் அளந்து விட்டால் தேகமும் செலவும் ஒருங்கே மட்டுப்படும் என்பதுதான் சொல்ல வந்தது.

இதைவிடப் பெரிய விஷயம் விகிதம். தவிடு போகத் தீட்டிய அரிசியையே பிரதானமாக உண்போரைப் பீடிக்கும் பெரிபெரி நோயை ஆராய்வதற்கென்று 1918-இல் நம் குன்னூரில் தோன்றி, 1958-இல் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்த தேசிய போஷாக்கு நிறுவனம், 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 2,000 கலோரி உண்பவருக்கு நாளொன்றுக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறி 400 கிராம் என்று வகுத்திருக்கிறது. தானியம் மூன்று பங்கென்றால் பருப்பு ஒரு பங்கு.

நம் நியாயவிலைக் கடையின் விகிதம் என்ன? நால்வர் குடும்பத்துக்கு மாதம் 20 கிலோ வரையில் அரிசியை 2011 முதல் சர்க்கார் விலையின்றியே வழங்குகிறது. துவரம்பருப்பு 30 ரூபாய்க்கு ஒரு கிலோ, பாமாயில் 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர். பசியை ஒழித்த இந்தத் திட்டத்தைக் குறைகூறுவது நன்றிகெட்ட செயலாகும். ஆயினும் அந்த ஒரு கிலோப் பருப்பை நால்வருக்கு முப்பது நாளைக்குப் பங்கிட்டுப் பாருங்கள்: தலைக்கு நாளொன்றுக்கு எட்டுக் கிராமுக்குச் சற்று அதிகம். சாம்பார் நீர்த்துப்போவதற்கும் சோறு தட்டில் குவிவதற்கும் குடும்பத் தலைவியின் கைராசி காரணமல்ல. 20-க்கு 1 என்ற இந்த விகிதமே காரணம்.

வீட்டளவில் இதைச் சீர்செய்யத்தக்க வேளை இரவுதான். உழைப்பு முடிந்து உறக்கத்தை நோக்கும் தேகத்துக்கு அப்போது தானியக் குவியல் அவசியமில்லை. நால்வருக்கு 200 கிராம் அரிசி, அதற்கு ஏறக்குறைய ஈடாக 160 கிராம் பாசிப்பருப்பு, அரைக்கிலோச் சுரைக்காய், ஒரு கட்டு முருங்கைக்கீரை, தாளிக்க ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் என்று வைத்துக்கொள்வோம். பாசிப்பருப்புக்கு ஊறல் வேண்டாம். சோறும் கூட்டும் ஒரே குக்கரில் அடுக்கில் வெந்துவிடுமாகையால் எரிவாயுவும் மிச்சம். தலைக்கு 400 கலோரிக்குள் வயிறு நிறைகிறது. வளரும் பிள்ளைக்கும் உடலுழைப்பாளிக்கும் ஒரு முட்டையோ இன்னொரு கரண்டிச் சோறோ கூட்டிக்கொள்ளலாம். துவரையையே கட்டி அழவும் வேண்டாம்: கொள்ளு, தட்டைப்பயறு ஆகியவற்றிலும் ஐந்திலொரு பங்குக்கு மேல் புரதமே. மாதத்தில் சில இரவுகள் பரோட்டாக் கடைக்குப் போகும் பணம் வீட்டில் தங்கினால், கூடுதல் பருப்பை அதைக்கொண்டே வாங்கிவிடலாம்.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. சர்க்கரைக்காரருக்குத் தனிச் சமையல், பிள்ளைகளுக்குத் தனிச் சமையல் என்று அடுப்படியில் இருப்பவளின் வேலையை இரட்டிப்பாக்கும் எந்தப் பத்தியமும் ஒரு மாதம் தாங்காது. அனைவரும் ஒன்றையே உண்பதும், கீரை ஆய்வதற்கு ஆண்பிள்ளைகள் உட்காருவதும் இந்த ஏற்பாட்டில் இன்றியமையாத அம்சங்கள்.

ஆனால் முழுப் பொறுப்பையும் இல்லத்தரசியின் தலையில் சுமத்திவிட்டு ராஜாங்கம் ஒதுங்கிக்கொள்வது நியாயமாகாது. வேண்டும் குடும்பங்கள் தங்களுக்குரிய அரிசியில் நாலைந்து கிலோவை விட்டுக்கொடுத்து, அதற்கீடாக இன்னொரு கிலோப் பருப்பையோ பயற்றையோ சலுகை விலையில் பெற்றுக்கொள்ளும் உரிமையை அட்டையிலேயே அளிக்கலாம். அரிசியே கதியென்றிருப்பவருக்கு இதனால் ஒரு பிடியும் குறையாது. மாற விரும்புபவருக்கோ வழி திறக்கும். சர்க்காருக்குக் கொஞ்சம் அதிகச் செலவாகலாம்; அந்தச் செலவு பருப்புக் கணக்கில் எழுதப்படாவிடில், பின்னர் ஆஸ்பத்திரிக் கணக்கில் எழுதப்படும்.