தேவ நடத்துதலா, கம்பெனி உத்தரவா?

போட்ட திட்டம் கெட்டுப்போகும்போதெல்லாம் “கர்த்தர் வேறு வழியைத் திறக்கிறார், அவர் நடத்துதலை நம்பு” என்று சொல்லுவது கிறிஸ்தவ உபதேசிமாருக்கு வழக்கமாயிருக்கிறது. பரீட்சையில் தவறினாலும், உத்தியோகம் போனாலும், நிச்சயித்த கலியாணம் நின்றாலும் இந்த ஒரே மருந்துதான். ஆதாரம் கேட்டால் அப்போஸ்தலர் நடபடிகள் 16-ம் அதிகாரத்தைக் காட்டுவார்கள். பவுல் ஆசியாவில் பிரசங்கிக்கப் பார்த்தாராம், ஆவியானவர் தடுத்தாராம். பித்தினியாவுக்குப் போகப் பார்த்தாராம், அங்கும் தடையாம். பிறகு ராத்திரியில் ஒரு தரிசனத்தைக் கண்டு மக்கெதோனியாவுக்குப் போனாராம். பவுலைத் தடுத்தது இன்னதென்று விசாரிக்க நமக்கு வேறு சாட்சியம் இல்லை. ஆனால் தேதியோடும் கடிதங்களோடும் விசாரிக்கக்கூடிய ஒரு சங்கதி இருக்கிறது. மிஷனெரி புத்தகங்களில் பெருமையாகச் சொல்லப்படும் அதோனிராம் ஜட்சன் பாதிரியாரின் சங்கதிதான் அது.

அமெரிக்கரான ஜட்சனும் அவர் மனைவி ஆன் அம்மையாரும் 1812 பிப்ரவரியில் சேலம் என்னும் அமெரிக்கத் துறைமுகத்தில் கப்பலேறி, ஜூனில் கல்கத்தா வந்தார்கள். வந்த சில நாளைக்குள் நாட்டைவிட்டுப் போகும்படி கிழக்கிந்தியக் கம்பெனி சர்க்கார் உத்தரவிட்டது. மொரீசியசுக்குப் போனார்கள். அங்கிருந்து 1813 ஜூனில் சென்னைக்கு வந்து, பினாங்குக்குக் கப்பல் தேடினார்கள். கிடைக்கவில்லை. தாமதித்தால் பிடித்துச் சீமைக்கு ஏற்றிவிடுவார்கள் என்ற பயத்தில், புறப்படத் தயாராயிருந்த ரங்கூன் கப்பலில் ஏறிவிட்டார்கள். வழியில் அந்த அம்மாளுக்குக் குழந்தை செத்துப் பிறந்தது. ஜூலை 13-ந் தேதி ரங்கூன் சேர்ந்தார்கள். இதைத்தான் “தேவன் இந்தியாவின் கதவை அடைத்துப் பர்மாவின் கதவைத் திறந்தார்” என்கிறார்கள்.

கதவை அடைத்தது யார்? 1806-ல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கலகம் செய்தது முதல், பாதிரிமாரை இஷ்டம்போல் விட்டால் ஜனங்கள் கொதித்தெழுந்து வியாபாரமும் ராஜ்யமும் போய்விடுமென்று கம்பெனிக்காரருக்குக் கிலி. போதாததற்கு 1812 ஜூனில் அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் யுத்தம் மூண்டது. பாதிரியாகவும் அமெரிக்கனாகவும் இருப்பவனைக் கம்பெனி விரட்டியதில் ஆச்சரியமென்ன? இதற்குப் பரிசுத்த ஆவி எதற்கு? ஜட்சன் ரங்கூனில் இறங்கிய அதே 1813 ஜூலையிலேயே பார்லிமெண்டில் கம்பெனியின் சாசனச் சட்டம் நிறைவேறி, பாதிரிமார் அனுமதி பெற்று இந்தியாவுக்கு வரலாமென்று ஆகிவிட்டது. கர்த்தர் கதவை அடைத்தது சில மாதத்திற்கு மாத்திரம்தான் போலும்!

இன்னும் கேளுங்கள். ஜட்சனின் கூட்டாளிகளான ஹால், நாட் என்ற இருவர் மேலும் அதே வெளியேற்ற உத்தரவுதான் போடப்பட்டது. அவர்கள் பம்பாய்க்குப் போய், விண்ணப்பத்துக்குமேல் விண்ணப்பம் போட்டு, கவர்னரின் தயவும் இருந்ததால் அங்கேயே தங்கிவிட்டார்கள். உத்தரவுக்குப் பயந்து போனவரும் தேவ நடத்துதலால் போனார், எதிர்த்து நின்றவர்களும் தேவ நடத்துதலால் நின்றார்கள் என்றால், நடத்துதல் என்ற சொல்லுக்கு அர்த்தம் என்ன? எது நடந்தாலும் சரியென்று ஆகும் ஜோசியத்தை யாரும் பொய்யென்று காட்ட முடியாது. அதனாலேயே அது மெய்யாகிவிடாது. நம் ஊர்க் கோவில் வாசலில் “எல்லாம் அவன் செயல்” என்று விற்கும் சரக்கும் இதுதான், லேபிள்தான் வேறு.

அவர்களோடு ஒரே கப்பலில் வந்த ஹாரியட் நியூவெல் என்ற பெண், கல்கத்தாவிலிருந்து விரட்டப்பட்டு மொரீசியசுக்குப் போகும் வழியில் நடுக்கடலில் பிரசவித்தாள். குழந்தை சில நாளில் இறந்தது; 1812 நவம்பரில் அவளும் இறந்தாள். அப்போது அவளுக்கு வயது 19. உயிரோடு கரை சேர்ந்தவரை நடத்தியவர் இந்தப் பெண்ணை எங்கே நடத்தினார்? “மோட்சத்துக்கு” என்பார்கள். கம்பெனி துரைமாரிடம் கேட்க வேண்டிய கேள்வியை ஆகாயத்தைப் பார்த்துக் கேட்கச் செய்வதால், உத்தரவு போட்டவன் நிம்மதியாய்த் தூங்குகிறான் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

நாம் ஜட்சனைப் பழிக்க வரவில்லை. அவரிடம் நாம் மெச்சுவதும் உண்டு. கப்பலில் வரும்போதே ஞானஸ்நானத்தைப்பற்றிப் படித்து ஆராய்ந்து, குழந்தைகளுக்கு அதைக் கொடுப்பது சரியல்ல என்ற முடிவுக்கு வந்து, தம்மை அனுப்பிய சங்கத்தின் பணம் நின்றுபோகும் என்று தெரிந்தும் அதைவிட்டு விலகினார். மனைவியார் முதலில் ஒப்பவில்லை. தாமும் படித்துப் பார்த்த பிறகே ஒப்பினார். படித்து, யோசித்து, நஷ்டத்துக்குத் துணிந்து திட்டத்தை மாற்றியது அவர்கள் புத்தி. அந்தப் பெருமையையும் ஆகாயத்துக்குத் தூக்கிக் கொடுப்பானேன்?

ரங்கூனில் முதல் பர்மியர் ஞானஸ்நானம் பெற ஆறு வருஷமாயிற்று. 1824-ல் ஆங்கிலேயருக்கும் பர்மாவுக்கும் யுத்தம் வந்தது. ஜட்சனுக்குப் பணம் ஆங்கில வியாபாரிகள் மூலமாக வந்துகொண்டிருந்ததால் ஒற்றனென்று சந்தேகித்து விலங்கு போட்டுச் சுமார் பதினேழு மாதம் அடைத்துவைத்தார்கள். அக்காலத்தில் சோறு கொண்டுபோனதும், காவற்காரருக்குக் கைக்கூலி கொடுத்ததும், அதிகாரிகள் வாசல்தோறும் அலைந்து கெஞ்சியதும் கைக்குழந்தைக்காரியான ஆன் அம்மையார். அவர் வியாதியாய் விழுந்து பால் வற்றியபோது, ஜட்சன் விலங்கோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிராமத்தில் வீடுவீடாய்ப் போக, பர்மியத் தாய்மார் பால் கொடுத்தார்கள். தலையணைக்குள் மறைத்துவைத்திருந்த வேதாகம மொழிபெயர்ப்பைக் காவலர் வீசியெறிந்தபோது, அதைப் பஞ்சுச்சுருளென்று எடுத்துப்போய் வைத்திருந்து காப்பாற்றியவர் மவுங் இங் என்னும் பர்மியச் சீடர். ஆன் அம்மையார் விடுதலைக்குப்பின் 1826-ல் இறந்தார்.

பால் கொடுத்தவர்களுக்கும் சுருளை எடுத்தவருக்கும் போகவேண்டிய நன்றியைக் கர்த்தர் கணக்கில் வரவு வைக்கிறவர்கள், ஹாரியட்டின் சாவையும் அதே கணக்கில் பற்று எழுதுவார்களா? அதற்குச் சமாதானம் சொல்ல எந்த உபதேசியாராவது முன்வருவாரானால், கேட்க நாம் தயாராகவே இருக்கிறோம்.