உச்சி மட்டும்தான் மலையா?

மலை உச்சியில் க்யூ நிற்பதைப் பற்றிக் கேள்விப்பட்டதுண்டா நண்பர்களே? ரேஷன் கடையில் நிற்கிறோம், பஸ் பாஸ் வாங்க நிற்கிறோம், பரீட்சைக் கட்டணம் கட்ட நிற்கிறோம். மலை உச்சியிலுமா என்று கேட்காதீர்கள். பிரிட்டனின் மேற்குப் பக்கம் இருக்கும் வேல்ஸ் நாட்டில், அதன் மிக உயரமான சிகரத்தில், வெயில் அடிக்கும் விடுமுறை நாட்களில் இதுதான் காட்சி. உச்சியில் இருக்கும் கல் மேடையில் ஏறி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வரிசை!

அந்தச் சிகரத்துக்கு ஆங்கிலத்தில் ஸ்னோடன் என்று பெயர். வேல்ஸ் மக்கள் தங்கள் மொழியில் சொல்வது 'அர் வித்வா'. சமாதி மேடு என்று பொருள். அரசர்களின் தாடிகளைப் பிடுங்கி மேலங்கி தைத்துக்கொண்ட ரீத்தா என்ற ராட்சதனை ஆர்தர் மன்னன் கொன்று அங்கே புதைத்தானாம். கதை இருக்கட்டும். 2022 நவம்பரில் அந்தத் தேசியப் பூங்கா நிர்வாகமே இனி வெல்ஷ் பெயரைத்தான் பயன்படுத்துவோம் என்று முடிவு செய்துவிட்டது. அதனால் நாமும் அர் வித்வா என்றே சொல்வோம்.

உயரம் 1,085 மீட்டர். 'இவ்வளவுதானா? நம்ம தொட்டபெட்டாவில் பாதி கூட இல்லையே' என்று சிரிக்காதீர்கள். ஊட்டி வரை பஸ்ஸில் போய் மீதியை ஏறுகிற கணக்கு அங்கே கிடையாது. அடிவாரமே கடல் மட்டத்துக்குப் பக்கத்தில். லான்பெரிஸ் ஊரிலிருந்து போகிற சுலபமான பாதையிலும் கிட்டத்தட்ட 975 மீட்டர் ஏறியாக வேண்டும். ஆண்டுக்கு ஏறக்குறைய 6 லட்சம் பேர் இந்த மலைக்கு வருகிறார்கள். நடக்க முடியாதவர்களுக்கு ரயில் இருக்கிறது. மெக்கானிக்கல் நண்பர்கள் கவனிக்க: 800 மில்லிமீட்டர் கேஜ், நடுவில் பல் தண்டவாளம், அதிகபட்சச் சரிவு 5.5-க்கு 1. 1896 ஏப்ரலில் தொடக்க நாளன்றே ஒரு எஞ்சின் தடம் புரண்டு பள்ளத்தில் விழுந்தது. பெட்டியிலிருந்து பயந்து குதித்த ஒரு பயணி உயிரிழந்தார். பிறகு பல் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கும் ஏற்பாட்டைச் சேர்த்து, 1897-ல்தான் மறுபடி ஓட்டினார்கள். இன்றும் ஓடுகிறது. மேலே 2009-ல் கட்டிய கட்டிடமும் உண்டு.

ரயிலையோ க்யூவையோ நான் குறை சொல்ல வரவில்லை. ஆறு லட்சம் பேர் மலைக்கு வருவது நல்ல விஷயம்தான். ஆனால் வேல்ஸ் மலைகள் என்றாலே உச்சி, உச்சி என்றாலே உயரம், உயரம் என்றாலே போட்டோ என்று போய்விட்டதே, அதில்தான் எனக்கு உடன்பாடில்லை. அந்த நாட்டின் குன்றுகளில் தேடிப் பார்க்க வேண்டிய முதல் பொருள் உச்சி அல்ல. உயரம் குறைந்த குன்றுகளின் தலையில், பெரும்பாலும் ஆள் நடமாட்டம் இல்லாமல் கிடக்கிற இரண்டாயிரம் வருஷத்துக் கோட்டைகள்தான். அதிலும் டெக்னிக்கல் படிப்பு படிக்கிற நமக்கு!

உயரம் என்பதே எவ்வளவு நம்ப முடியாத அளவுகோல் பாருங்கள். கிளிடர் வவுர் என்று ஒரு மலை. ரொம்ப காலம் 999 மீட்டர் என்றே மேப்பில் இருந்தது. 2010-ல் ஜி.பி.எஸ். கருவியோடு ஏறி அளந்தார்கள், 1,000.8 மீட்டர் வந்தது. மலை ஒரு அங்குலம்கூட வளரவில்லை. ஆனால் அன்று முதல் அது 'ஆயிரம் மீட்டர் கிளப்' மெம்பர்! இதை வைத்து 1995-ல் வந்த ஒரு ஆங்கிலப் படமே உண்டு. சர்வேயர் வந்து உங்கள் ஊர் மலை ஆயிரம் அடிக்குக் குறைச்சல், இது வெறும் குன்று என்கிறார். ரோஷப்பட்ட வெல்ஷ் கிராமத்து ஜனங்கள் மண் சுமந்து போட்டு மலையை உயர்த்துகிறார்கள். கார்டிஃப் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கார்த் மலையை மனதில் வைத்து எடுத்தது. அந்த நிஜ மலையின் உச்சியில் இருக்கும் மேடு வெண்கலக் காலத்துச் சமாதி என்பதுதான் வேடிக்கை.

சிவில் பிரிவுக்காரர்களுக்கு உச்சியில் நான் காட்ட விரும்பும் ஒரே பொருள், பல சிகரங்களில் நிற்கும் நாலடி உயரக் கான்கிரீட் தூண். தலையில் பித்தளைத் தகடு. அதன் மேல் தியோடலைட்டை உட்கார வைத்தால் சென்டரிங் சரியாக வந்து உட்காரும். நம்மைப் போல் பிளம்ப் பாபைத் தொங்கவிட்டுக்கொண்டு டிரைபாடின் காலை அரை மணி நேரம் நகர்த்த வேண்டாம்! 1936-ல் தொடங்கி 1962-ல் முடிந்த பிரிட்டிஷ் மறுமுக்கோண அளவைக்காக நாடு முழுக்க 6,500-க்கும் அதிகமான தூண்களைக் கட்டினார்கள். இதே முக்கோணக் கணக்கை 1802-ல் லாம்ப்டன் ஆரம்பித்தது நம்ம பரங்கிமலைப் பக்கத்தில். அந்த வேலையைத் தொடர்ந்து நடத்திய ஜார்ஜ் எவரெஸ்டின் பெயர்தான் இமயத்தின் சிகரத்துக்கு. 1953-ல் அந்தச் சிகரத்துக்குப் போன குழு பயிற்சி எடுத்தது எங்கே? இதே அர் வித்வா அடிவாரத்தில், பென்-அ-கூரிட் என்ற ஓட்டலில் தங்கி!

சரி, கோட்டைக்கு வருவோம்.

வேல்ஸின் வடமேற்கு மூலையில் ஒரு விரல் மாதிரி கடலுக்குள் நீண்டிருக்கிறது லீன் தீபகற்பம். அங்கே அர் எய்வில் என்று மூன்று முகடுகள். அதில் ஒன்றின் தலையில், சுமார் 480 மீட்டர் உயரத்தில் இருக்கிறது 'ட்ரேர் கெய்ரி'. ராட்சதர்களின் ஊர் என்று பொருள் சொல்கிறார்கள். கட்டியவர்கள் ராட்சதர்கள் அல்ல, நம்மைப் போன்ற இரும்புக் காலத்து மனிதர்கள். சுற்றிலும் கல் மதில். உள்ளே சுமார் 150 கல் வீடுகளின் சுவர்கள். சும்மா அஸ்திவாரத் தடம் மட்டும் இல்லை. வாசல் எது, அறை எது என்று இன்றைக்கும் உள்ளே நுழைந்து பார்க்கலாம். முதலில் வட்ட வடிவமாகக் கட்டிய வீடுகளைப் பிற்பாடு தடுத்துத் தடுத்துச் சின்ன அறைகளாக ஆக்கியிருக்கிறார்கள். குடும்பம் பெருத்ததோ, பாகப் பிரிவினையோ, யார் கண்டது!

மதில் சில இடங்களில் இன்றும் ஆளை விட இரண்டு மடங்கு உயரம் நிற்கிறது. சிமென்ட் கிடையாது, சுண்ணாம்பு கிடையாது, மண் சாந்தும் கிடையாது. கல் மேல் கல். நாம் பில்டிங் கன்ஸ்ட்ரக்ஷன் பாடத்தில் 'டிரை ரப்பிள் மேசனரி' என்று இரண்டு மார்க்குக்குப் படித்துவிட்டுத் தாண்டிப் போகிறோமே, அதே சமாச்சாரம். இருபுறமும் பெரிய கற்களால் முகம், நடுவில் சின்னக் கல் நிரப்பு. மதில் மேல் காவலர் நடக்க வழி. வருஷம் பூரா மழையும் கடல் காற்றும் அடிக்கிற இடத்தில் எப்படி நின்றது? சாந்து இல்லாததால்தான் என்பேன். தண்ணீர் தேங்கினால்தானே சுவரைத் தள்ளும்? இங்கே சுவர் முழுக்கவே 'வீப் ஹோல்'! மழை இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடுகிறது. கல் கொஞ்சம் நகர்ந்தாலும் பக்கத்துக் கல் பாரத்தை வாங்கிக்கொள்கிறது. சாந்து வைத்துக் கட்டிய எத்தனையோ சுவர்கள் விரிசல் விட்டுச் சாய்ந்த கதையை நாம் சைட் விசிட்டிலேயே பார்த்திருக்கிறோம்.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. கோட்டை என்றால் எதிரி வந்தான், பிடித்தான், எரித்தான் என்றுதானே கதை முடியும்? இங்கே அப்படி இல்லை. ரோமானியர்கள் கி.பி. முதல் நூற்றாண்டில் வேல்ஸைப் பிடித்து, அதே வட்டாரத்தில் கேர்நார்வனுக்குப் பக்கத்தில் செகோன்டியம் என்ற ராணுவ முகாமையும் கட்டினார்கள். ஆனால் ட்ரேர் கெய்ரியில் ஜனங்கள் பாட்டுக்கு அதற்குப் பிறகும் குடியிருந்திருக்கிறார்கள். ரோமானியர் காலத்து மண்பாண்டம் அங்கே கிடைத்திருக்கிறது. கீழே சாம்ராஜ்யம், மேலே பழைய ஊர். சண்டைக் காட்சி இல்லாத சரித்திரம் என்பதால்தானோ என்னவோ, யாரும் படம் எடுக்கவில்லை.

எல்லாக் கோட்டையும் கல் கோட்டை இல்லை. வடகிழக்கில் கிளூயிட் குன்றுகளில் பென்-அ-கிளோத்யை என்று ஒன்று, 21 ஹெக்டேர். அங்கே மண் அகழிகளும் மண் கரைகளும். பள்ளம் தோண்டிய மண்ணையே கரையாகப் போட்டது. நம் பாஷையில் 'கட் அண்ட் ஃபில்'. கான்டூரை ஒட்டியே கரை வளைந்து போவதைப் பார்த்தால் லெவலிங் கருவி இல்லாமலா செய்தார்கள் என்று தோன்றும். கான்வி பள்ளத்தாக்கில் பென்-அ-கேர் கோட்டைக்கு வெளியே கூர்க்கற்களை நெருக்கமாக நட்டு வைத்திருக்கிறார்கள், எதிரி ஓடி வந்தால் கால் முறியட்டும் என்று. இவையெல்லாம் முழுக்க யுத்தத்துக்காகவா, ஆடுமாடு அடைக்கவா, தானியம் காக்கவா, கூட்டம் கூடவா, 'நாங்க பெரிய ஆளுங்க' என்று பக்கத்து ஊருக்குக் காட்டவா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னமும் வாதாடுகிறார்கள்.

'போட்டோவில் பார்த்தால் வெறும் கல் குவியல்தானேப்பா' என்று ஹாஸ்டல் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. முதல் பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். உச்சிக் காட்சி கண்ணைத் திறந்தாலே கிடைக்கும். கோட்டையைக் கொஞ்சம் படித்துவிட்டுப் போனால்தான் பார்க்க முடியும். அந்தக் கொஞ்சத்தைத்தான் நமக்கு டிப்ளமோவில் சொல்லிக் கொடுக்கிறார்கள். சுவர் எப்படி நிற்கிறது, மண் எப்படிச் சரிகிறது, தண்ணீர் எங்கே போகிறது என்று.

ஆனால் கல் குவியல் என்று நினைப்பதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. வெண்கலக் காலத்துச் சமாதி மேடுகள் வேல்ஸின் பல சிகரங்களில் உண்டு. அந்த நாட்டின் தென்பகுதியில் மிக உயரமான பென்-அ-வான் (886 மீட்டர்) உச்சியிலேயே ஒன்று இருக்கிறது. சில சிகரங்களில் இப்படிப்பட்ட மேடுகளின் கற்களை எடுத்துக் காற்றுக்கு ஒதுங்கத் தடுப்புச் சுவர் கட்டியிருக்கிறார்கள் மலையேற வந்தவர்கள். நினைவாக ஒரு கல்லை எடுத்து அடுக்குவது, மதில் மேல் ஏறி நடப்பது என்று ட்ரேர் கெய்ரியும் அடி வாங்கியிருக்கிறது. 1990-களில் அதன் சுவர்களைச் சீர்படுத்த வேண்டி வந்தது. தொல்பொருள் ஆய்வுக்குக் கல் மட்டும் போதாது, அது கிடந்த இடம் வேண்டும். இடம் மாறிய கல் வெறும் ஜல்லி.

வாட்ச்மேன் போட்டு டிக்கெட் வைத்துவிடலாமே என்று தோன்றும். கூடாது என்பது என் கட்சி. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, தனியார் நிலமாக இருந்தாலும் திறந்தவெளி மலைகளில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம் என்று உரிமை கொடுத்தது. வேல்ஸில் 2005 மே முதல் நடைமுறை. நிலத்தில் கால் வைக்க நூறு வருஷத்துக்கு மேல் கேட்டு வாங்கிய உரிமை அது. நாலு பேர் கல்லைப் புரட்டுகிறார்கள் என்று வேலி போட்டால், ஒழுங்காக வருபவனுக்குத்தான் தண்டனை. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்துவது அங்கே ஏற்கெனவே குற்றம். வேலியை விட, அது என்ன என்று எழுதிய ஒரு பலகை அதிகம் வேலை செய்யும்.

நம்மில் சிலர் மேற்படிப்புக்கோ வேலைக்கோ கார்டிஃப், ஸ்வான்சி பக்கம் போகக்கூடும். அவர்களுக்காக இரண்டு வார்த்தை. உயரம் குறைவு என்று அலட்சியம் வேண்டாம். 1900-ல் டாமி ஜோன்ஸ் என்ற ஐந்து வயதுச் சிறுவன் பென்-அ-வான் பக்கம் வழி தவறிப் போனான். உடல் கிடைக்க 29 நாள் ஆயிற்று. அந்த இடத்தில் இன்றும் நினைவுக் கல் நிற்கிறது. 2013 ஜூலையில் அதே மலைத்தொடரில் ராணுவத் தேர்வு நடையின்போது வெயில் தாங்காமல் மூன்று வீரர்கள் இறந்தார்கள். குளிர் மட்டும் எமன் இல்லை என்று தெரிகிறதல்லவா? வழி தவறினால் தேடி வருகிற மீட்புக் குழுவினர் சம்பளம் வாங்குபவர்கள் இல்லை. தங்கள் வேலையைப் போட்டுவிட்டு வருகிற உள்ளூர்க்காரர்கள். நேரக் கணக்குக்கு 1892-ல் நெய்ஸ்மித் சொன்ன ஃபார்முலா போதும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. லான்பெரிஸ் பாதையில் ஏழே கால் கிலோமீட்டர், 975 மீட்டர் ஏற்றம். போட்டுப் பாருங்கள், ஏறவே மூன்று மணி வரும். க்யூ நேரம் தனி!

ட்ரேர் கெய்ரிக்குச் சாலையிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஏறிவிடலாம். ரயில் கிடையாது, டீக்கடை கிடையாது. 1:25,000 ஸ்கேல் ஆர்ட்னன்ஸ் சர்வே மேப் ஒன்று கையில் இருக்கட்டும். பழுப்பு நிறக் கான்டூர் கோடுகளுக்கு நடுவே பழைய கால அச்சு மாதிரி கோணல் எழுத்தில் 'கோட்டை' என்று ஆங்கிலத்தில் போட்டிருப்பார்கள். தொல்பொருள் சின்னங்களுக்கு மட்டும் அந்த எழுத்து. ஒரு மேப்பில் அப்படி எத்தனை இருக்கிறது என்று முதலில் எண்ணிப் பாருங்கள். எந்த மலைக்குப் போவது என்று அப்புறம் முடிவு செய்யலாம்.