சொல்லால் மறைத்த கூலி

கூலி கொடுக்க மனமில்லாத முதலாளி, உழைப்பவனுக்குப் புதுப்பெயர் சூட்டுவான். வயலிலே பாடுபடுபவனை "நீ எங்கள் வீட்டுப் பிள்ளையல்லவா?" என்று முதுகைத் தடவுவான், சூடு அடித்து முடிந்ததும் "பிள்ளையின் பங்கு எங்கே?" என்று கேட்டால் முகத்தைத் திருப்புவான். இத்தந்திரம் நம் கமக்காரருக்குப் புதிதன்று. ஆயின், இதனையே ஒரு மாபெரும் நாட்டின் கல்லூரிகளுக்கெல்லாம் விதியாக எழுதிவைத்த மனிதர் ஒருவர் இருந்தார் என்பதை அறிந்தோர் நம்மிடையே மிகச் சிலரே.

வால்டர் பையர்ஸ் என்பது அவர் பெயர். 1951ஆம் ஆண்டில், தமது 29ஆவது வயதில், அமெரிக்காவின் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் முதலாவது நிருவாகப் பணிப்பாளராக அமர்ந்தார். 1987 வரை, 36 ஆண்டுகள், அந்த ஆசனத்தை விட்டு அசையவில்லை. முன்னர் பத்திரிகை நிருபராய் இருந்தவர். பல்கலைக்கழகம் புகுந்தும் பட்டம் பெறாமலே வெளியேறியவர். மாணவன் யார் என்று வரையறுக்கும் அதிகாரம் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததை என்னென்பது!

அவர் செய்தது என்ன? கொலராடோ மாநிலத்தில் டென்வர் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் அமெரிக்க உதைபந்தாட்டப் பயிற்சியின்போது முதுகில் காயமுற்றார். தலைக்கவசம் பூண்டு ஒருவரையொருவர் மோதி வீழ்த்தும் ஆட்டம் அது. காயமுற்றவர் பல்கலைக்கழகத்தில் வேலையும் பார்த்தவர். அந்த வேலை ஆட்டத்தோடு பிணைந்தது. ஆதலால் அவர் வேலையாளரே, நட்டஈடு பெற உரித்துடையவரே என்று 1953இல் அம்மாநில உயர் நீதிமன்றம் தீர்த்தது. கல்லூரிகள் கதிகலங்கின. இன்று ஒருவருக்குக் கொடுத்தால் நாளை ஆயிரம் பேர் வருவாரே!

இந்த அச்சத்திலேதான் "மாணவ விளையாட்டு வீரர்" என்னும் சொற்றொடர் பிறந்தது. ஆட்டக்காரர், வீரர் என்று வெறுமனே சொல்லுதல் ஆகாது. சங்கத்தின் விதிகளிலெல்லாம் இச்சொல்லே வழங்க வேண்டும் என்றாயிற்று. இஃது எதிரியின் கற்பனையன்று. தாமும் தம்மவரும் சேர்ந்தே இதனைச் செய்ததாகப் பையர்ஸ் பிற்காலத்தில் தாமே எழுதிவைத்தார். இடையில், அதே கொலராடோவில் ரே டெனிசன் என்ற வீரர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு 1955இல் மாண்டார். அவருடைய மனைவி நட்டஈடு கோரினார். கல்லூரி உதைபந்தாட்ட வியாபாரம் நடத்தவில்லை என்று காரணங்காட்டி, 1957இல் நீதிமன்றம் வெறுங்கையோடு அனுப்பிற்று.

வியாபாரம் இல்லையாம்! 1952இலேயே பையர்ஸ் கல்லூரி ஆட்டங்களின் தொலைக்காட்சி உரிமையைச் சங்கத்தின் கையில் குவித்து, பத்து இலட்சம் டொலருக்கு மேல் விற்றார். 1982இல் தொடங்கிய நான்காண்டு உடன்படிக்கைகளில் இரு பெரும் நிறுவனங்கள் தலைக்கு 13 கோடியே 17½ இலட்சம் டொலர் கொடுக்க இணங்கின. கல்லூரிகளுக்குள்ளேயே பங்குச் சண்டை மூண்டு ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தார் வழக்குத் தொடுத்தனர். 1984இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஏழுக்கு இருவர் என்ற பெரும்பான்மையால், அந்த ஏகபோகத்தைத் தகர்த்தது. வேடிக்கை என்னவெனில், அதே தீர்ப்பில், வீரர்களுக்குச் சம்பளம் கொடாதிருப்பது கல்லூரி ஆட்டத்தின் தனித்தன்மைக்கு வேண்டியதே என்றும் ஒரு வாசகம் இடம்பெற்றது. வழக்கிலே எழாத வினாவுக்கு வழங்கிய அவ்விடை, பின்னர் நெடுங்காலம் சங்கத்தின் கேடயமாயிற்று.

"இலவசக் கல்வி கொடுக்கின்றோமே, அது போதாதா?" என்பர். நல்ல கேள்வி. அதற்குச் சங்கத்தின் சொந்த விதியே விடை. 1956 முதல் விளையாட்டுத் திறமைக்கென உதவிப்பணம் வெளிப்படையாக அனுமதிக்கப்பட்டது. அதை நான்காண்டுக்கும் உறுதியாகக் கொடுக்க வழி இருந்தது. 1973இல் அவ்வழியை அடைத்து, ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டியதாக்கினர். அதன்பின், பயிற்றுநர் மனம் வைத்தால் உண்டு, இல்லையேல் இல்லை என்றிருந்தது. சட்டம் பயின்றோர் சிந்திக்க! எப்போது ஆட வேண்டும் என்று ஒருவன் கட்டளையிடுகிறான். இணங்கினால் கொடுக்கிறான், மறுத்தால் நிறுத்துகிறான். இந்த உறவுக்கு நம் நீதிமன்றங்களில் என்ன பெயர்? அறங்காவலன் என்றா, எசமான் என்றா?

1995இல் பையர்ஸ் தமது நூலை வெளியிட்டார். கல்லூரி வீரரைச் சுரண்டும் முறை பற்றிய அந்த நூலில், தாம் கட்டிய மாளிகையைத் தாமே சாடினார். தோட்டத்து அடிமை முறையின் மனப்பான்மை அங்கே குடிகொண்டிருக்கிறது என்று எழுதினார். பலர் அவரை மனச்சான்று விழித்த மாமனிதர் என்று போற்றுவர். யான் அவ்வளவு தாராளமாகப் போற்றேன். பேனா கையிலிருந்த 36 ஆண்டில் மாற்றக்கூடிய விதியை, ஓய்வுபெற்று எட்டாண்டு கழிந்தபின் கண்டிப்பது எளிது. எனினும், குற்றத்தைத் தம் வாயால் ஒப்புக்கொண்டார். எத்தனை அதிகாரிகள் அதுவேனும் செய்கின்றனர்? அந்த அளவுக்கு அவருக்கு மதிப்புத் தருவோம்.

நூல் வந்தது, சொல் விழவில்லை. 1974இல் ஆட்டத்தின்போது முடங்கிப்போன டெக்சாஸ் கிறித்தவப் பல்கலைக்கழக வீரர் கென்ற் வால்ட்றெப், தாமும் வேலையாளரே என்று வழக்காடினார். 2000ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அல்ல என்றது. பையர்ஸ் 2015இல் காலமானார். 2021இல் உச்ச நீதிமன்றம், ஒன்பது நீதியரசரும் ஒருமித்து, கல்வியோடு தொடர்பான சலுகைகளுக்குச் சங்கம் விதித்த வரம்பைச் செல்லாததாக்கிற்று. 2025 யூன் மாதத்தில், பழைய வீரர்களுக்குப் பத்தாண்டில் ஏறத்தாழ 280 கோடி டொலர் கொடுக்கவும், கல்லூரிகள் தம் வருமானத்தை வீரரோடு பகிரவும் வகைசெய்யும் இணக்கத்தை நீதிமன்றம் ஏற்றது.

பணம் வந்துவிட்டது, மகிழ்வோம். ஆனால் வீரர் வேலையாளரா, அல்லரா என்ற வினாவை அந்த இணக்கம் தீர்க்கவில்லை. டெனிசனின் மனைவி கேட்டது விளம்பரப் பணத்தில் பங்கன்று. ஆட்டத்திலே மாண்ட கணவனுக்கு நட்டஈடு.