துணி காய்ந்தது, வீடு நனைந்தது!



ஆண்டு இறுதி வந்துவிட்டால் நம் எல்லாருக்கும் ஒரே கவலைதான். காலையில் துவைத்த துணி மாலைவரை காயாது. கொடியில் போட்டால் மழை, உள்ளே எடுத்தால் நாற்றம். வேலைக்குப் போகிறவரின் சட்டை நாளைக்கு வேண்டும். கைக்குழந்தையின் துணியோ இன்றைக்கே வேண்டும்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த நாள் நினைவிருக்கும். மழைக்காலத்தில் அம்மா விறகடுப்புக்கு மேலே கயிறு கட்டி ஈரத்துணியைத் தொங்கவிடுவார். புகை வாடையோடுதான் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவோம். ஆனால், அந்த லயத்துச் சமையற்கட்டில் கூரைக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி இருந்தது. பின்கதவும் பொழுதுக்கும் திறந்தே கிடக்கும். புகையும் ஆவியும் தம் வழியைத் தாமே பார்த்துக்கொண்டு போய்விடும்.

இப்போது நம்மில் பலர் அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறோம். கண்ணாடிச் சன்னல், குளிர்சாதனம், சாத்திய கதவு. அந்த வீட்டுக்குள் துணி உலர்த்தும் இயந்திரம் ஒன்றும் வந்து உட்கார்ந்துவிட்டது. டிரையர் என்று எல்லாரும் சொல்கிறோமே, அதுதான். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. மழைக்காலத்தில் அது பெரிய உதவி. அதன் பின்னால் ஒரு குழாய் இருக்கிறதல்லவா? அதன் வாய் எங்கே திறக்கிறது என்று என்றாவது பார்த்திருக்கிறீர்களா? அதைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேசப்போகிறேன்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், கிள்ளானில் இருக்கும் என் தங்கை மகளைப் பார்க்கப் போயிருந்தேன். ஒன்பதாவது மாடியில் வாடகை வீடு. கையில் நான்கு மாதக் குழந்தை. உள்ளே நுழைந்ததுமே பழைய கோணிப்பையின் வாடை அடித்தது. சமையலறைச் சுவரின் மூலையில் கரும்புள்ளிகள். உச்சிக் கூரையில் வியர்த்தாற்போல் நீர்.

"என்னம்மா, தலை வாரக்கூட இல்லையா? முகம் வாடியிருக்கிறதே" என்று கேட்டேன்.

"தினமும் சாயங்காலம் தலையை வலிக்கிறது பெரியம்மா. அவருக்கும் அப்படித்தான். தூக்கமில்லாததுதான் காரணம் என்று நினைக்கிறேன். அம்மா வீட்டுக்குப் போனால் சரியாகிவிடுகிறது" என்றாள்.

அந்தக் கடைசி வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. எழுந்து போய்ப் பார்த்தேன். கேஸில் ஓடும் டிரையர், சாத்திய சமையலறையில் ஓடிக்கொண்டிருந்தது. சாரல் அடிக்கிறது என்று சன்னலையும் மூடியிருந்தாள். சுவரில் துளை போட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லையாம். அதனால் குழாயைப் பாதியில் விட்டு, அதன் வாயில் பழைய காலுறை ஒன்றைக் கட்டி வைத்திருந்தார்கள். தூசி பறக்காமலிருக்க அந்த ஏற்பாடு! நான் இயந்திரத்தை நிறுத்தினேன். சன்னல் கதவுகளைத் திறந்துபோட்டேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் கீழே இறங்கிவிட்டோம்.

ஏன் இந்தப் பதற்றம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

அந்தக் குழாய் வழியே வருவது வெறும் சூடான காற்று அல்ல. முதலில் நீராவி. 5 கிலோ பருத்தித் துணியைத் துவைத்துப் பிழிந்து எடுத்தபின்பும் அதில் சுமார் 2 முதல் 3 லிட்டர் தண்ணீர் தங்கியிருக்கும். துணி காய்ந்தது என்றால் அந்தத் தண்ணீர் எங்கோ போயிருக்க வேண்டுமல்லவா? குழாய் வெளியே போகாவிட்டால், அது சுவரில், கூரையில், அலமாரியின் பின்புறத்தில் போய் உட்காருகிறது. நம் நாட்டில் காற்றே ஏற்கெனவே ஈரம். அதன்மேல் நாள்தோறும் இத்தனை லிட்டரைச் சேர்த்தால் பூஞ்சணம் பிடிக்காமல் என்ன செய்யும்? அலமாரியில் வைத்த கல்யாணப் பட்டுப்புடவையில் புள்ளி விழுந்தால் மனம் நோகும். அதைவிடப் பெரிய நட்டம் குழந்தைகளின் நெஞ்சுக்குத்தான். ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் இருப்பவர்களுக்கு மூச்சுத் தொல்லைகளும் ஆஸ்துமாவும் கூடுவதை உலகச் சுகாதார நிறுவனம் 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி நூலில் எடுத்துச் சொல்லியிருக்கிறது.

இன்னொன்றும் கேளுங்கள். வெளியே விட்ட ஈரக்காற்றையே இயந்திரம் திரும்ப உள்ளே இழுக்கிறது. அதனால் துணி காய நேரம் கூடுகிறது. கட்டணமும் கூடுகிறது. நட்டம் இரண்டு பக்கமும்!

அடுத்தது பஞ்சுத்தூசி. துணியிலிருந்து உதிரும் நுண்ணிய நூலிழைகள் இவை. உலர்ந்த பஞ்சு எவ்வளவு எளிதில் தீப்பிடிக்கும் என்று விளக்கேற்றும் உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. வடிகட்டியில் சிக்காத தூசி குழாயிலும் இயந்திரத்தின் வயிற்றிலும் சேர்ந்துவிடும். காற்று போக வழி அடைபடும், சூடு ஏறும், ஒரு நாள் பற்றிக்கொள்ளும். அமெரிக்காவில் 2008 முதல் 2010 வரையிலான கணக்குப்படி, ஆண்டுக்குச் சுமார் 2,900 வீட்டுத் தீ விபத்துகள் டிரையரால் நேர்ந்தன. அவற்றில் முதன்மையான காரணம், சுத்தம் செய்யாமல் விட்டதுதான். இலண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் 2016 ஆகஸ்டு 19-ஆம் நாள் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் பெருந்தீ மூண்டது. அதற்கும் காரணம், பழுதுள்ள டிரையர் ஒன்று என்றே தீயணைப்புப் படை கண்டறிந்தது. குழாய் வாயில் காலுறை கட்டுவது தூசியைப் பிடிப்பது போலத் தோன்றும். உண்மையில் அது காற்றின் கழுத்தை நெரிக்கிறது.

மூன்றாவதுதான் உயிருக்கே ஆபத்தானது. மின்சாரத்தில் ஓடும் டிரையருக்கு இது இல்லை, கேஸில் ஓடுவதற்கு மட்டுமே உண்டு. கேஸ் எரிந்தாலே கரியமில வாயுவும் நீராவியும் உண்டாகும். 1 கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் 1½ கிலோவுக்குக் குறையாத நீராவி வரும். ஆகவே துணியின் ஈரத்தோடு இதுவும் சேருகிறது. அது போகட்டும். அறை அடைத்திருந்து நல்ல காற்று குறைந்தாலோ, தூசி அடைத்துச் சுடர் சரியாக எரியாவிட்டாலோ, கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு பிறக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் பொருளோடு, பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு இது ஒட்டிக்கொள்ளும். பிறகு மூளைக்கும் இதயத்துக்கும் வேண்டியது எப்படிப் போகும்?

"கேஸ் வாடையே வரவில்லையே பெரியம்மா" என்றுதான் என் தங்கை மகளும் சொன்னாள். தோம்பிலிருந்து கேஸ் கசிந்தால் நமக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அதில் வாடையைச் சேர்க்கிறார்கள். எரிந்தபின் வரும் நச்சுவாயுவில் அந்த எச்சரிக்கை கிடையாது. மூக்கை நம்பாதீர்கள்.

உடம்பு காட்டும் அடையாளங்களை நம்புங்கள். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், சோர்வு, குழப்பம். காய்ச்சலுக்கு முன் வருவது போலவே இருக்கும், ஆனால் காய்ச்சல் இராது. வீட்டில் ஒருவருக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரே நேரத்தில் வந்தால், வெளியே போனதும் குறைந்தால், உடனே சந்தேகப்படுங்கள். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் இதனால் ஆபத்து அதிகம். அப்போது செய்ய வேண்டியது இதுதான்: எல்லாரும் வெளியே வந்துவிடுங்கள். போகிற போக்கில் முடிந்தால் இயந்திரத்தை நிறுத்திக் கதவைத் திறந்துவிடுங்கள். மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 அழையுங்கள். மருத்துவரிடம், "வீட்டில் கேஸ் டிரையர் ஓடியது" என்று மறக்காமல் சொல்லுங்கள். குளிர்சாதனம் ஓடுகிறதே என்று தைரியமாக இருக்காதீர்கள். வீடுகளில் சுவரில் மாட்டும் குளிர்சாதனம் உள்ளே இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிரவைக்கிறது. புதுக்காற்றைக் கொண்டுவருவதில்லை.

சரி, எப்படிப் பொருத்த வேண்டும்? குழாய் நேராகவும் குட்டையாகவும் இருக்கட்டும். வளைவுகள் குறையட்டும். பிளாஸ்டிக் வேண்டாம், உலோகக் குழாயே நல்லது. இயந்திரத்தைச் சுவரோடு தள்ளிக் குழாயை நசுக்கிவிடாதீர்கள். கூரைப் பலகைக்கு மேலேயோ, சமையல் புகைபோக்கியிலோ, அண்டை வீட்டாரின் சன்னலுக்கு எதிரிலோ கொண்டுபோய் விடாதீர்கள். வெளிவாயில் நெருக்கமான வலை கட்டினால் பஞ்சு அடைத்துக்கொள்ளும். காற்று வரும்போது திறந்து, நின்றதும் மூடிக்கொள்ளும் மூடி போதும். கேஸ் டிரையராக இருந்தால் பொருத்தும் வேலையைத் தகுதி பெற்றவரிடமே விடுங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றும் வாங்கி வையுங்கள். புகை எச்சரிக்கைக் கருவி வேறு, இது வேறு.

ஒவ்வொரு முறையும் வடிகட்டியைத் துடையுங்கள். எண்ணெய் படிந்த துணிகளைப் போடாதீர்கள். எண்ணெய்க் குளியல் துண்டும் அடுப்படித் துணியும் இதில் அடங்கும். சூட்டில் ஊறிய எண்ணெய், இயந்திரம் நின்றபின்பும் தானே கனன்று பற்றக்கூடும். டிரையரை ஓடவிட்டு வெளியே போகாதீர்கள், தூங்கவும் போகாதீர்கள்.

வெளியே குழாய் விடவே வழியில்லையா? அந்த வீட்டுக்குள் கேஸ் டிரையர் வேண்டவே வேண்டாம். ஈரத்தைத் தண்ணீராக்கித் தொட்டியில் சேர்க்கும் குழாயில்லாத மின்சார டிரையர்கள் கடைகளில் இருக்கின்றன. விலை கூடுதல்தான். முடியாவிட்டால், வாரம் இரு முறை டோபிக் கடைக்குக் கொண்டுபோய் உலர்த்தி வரலாம். அல்லது சன்னலைத் திறந்துவைத்து, மின்விசிறியைப் போட்டு, கொடியிலோ மூங்கில் கழியிலோ இடைவெளி விட்டுக் காயப்போடலாம். நேரமாகும், ஆனால் அதனால் யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை.

என் தங்கை மகள் கதை என்னவாயிற்று என்கிறீர்களா? மறுநாளே மருத்துவரிடம் போனார்கள். குழந்தை நலம். அன்று அந்த அறையில் நச்சுவாயு எவ்வளவு இருந்தது என்று யாரும் கருவி வைத்து அளக்கவில்லை. ஆனால், வந்து பார்த்த பழுது பார்ப்பவர் குழாயிலிருந்து இரண்டு கை நிறையப் பஞ்சை அள்ளி எடுத்தார். வீட்டுக்காரரை அழைத்துவந்து சுவரைக் காட்டினோம். துளை போடாமலே வழி கண்டார்கள். சன்னலில் ஒரு கண்ணாடிப் பட்டையை எடுத்துவிட்டு, அங்கே தகடு பொருத்திக் குழாயை வெளியே விட்டார்கள். அந்தச் சன்னலின் மற்றப் பட்டைகளை மூடி இறுக்கினார்கள். நல்ல காற்று வர மறுபக்கத்துச் சன்னல் திறந்திருக்கிறது. தலைவலி அதோடு நின்றது. இத்தனைக்கும் ஆன செலவு நூறு வெள்ளிக்கும் குறைவு.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் டிரையர் இருந்தால், இன்று அது ஓடும்போது குழாயின் வெளிவாயைப் பாருங்கள். கை எட்டும் இடமானால் அருகில் கையைக் காட்டுங்கள். சூடான காற்று பலமாக வீசினால் நல்லது. வீசாவிட்டால், அல்லது அந்த வாய் வீட்டுக்குள்ளேயே இருந்தால், இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். துணி ஒரு நாள் தாமதமாகக் காய்ந்தால் குடி முழுகிப்போகாது.

அடுத்த இதழில் வேறொரு செய்தியோடு சந்திப்போம். வணக்கம்.