பூட்டு எங்கே?

வீட்டில் நானே ஒரு 'பார்' மேசை செய்யப் போகிறேன் என்றதும் மனைவி சிரித்துவிட்டார். அலமாரிக் கதவில் தளர்ந்த திருகை முறுக்கவே மூன்று மாதம் எடுத்துக்கொண்டவன் நான். இருந்தாலும், வானொலியில் காலை நிகழ்ச்சியை முடித்த கையோடு பலகைக் கடைக்குப் போனேன்.

எட்டடிக்கு நாலடி, 18 மில்லிமீட்டர் பிளைவுட். அறுப்பதைக் கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள். வீட்டில் கைரம்பத்தால் நேராக அறுப்பதெல்லாம் நமக்குச் சரிப்படாது.

நான் சறுக்கியது உயரத்தில். சமையலறை மேடையைப் பார்த்து 36 அங்குலம் வைத்தேன். வாங்கி வைத்திருந்த உயர நாற்காலியோ 30 அங்குலம். உட்கார்ந்தால் தொடை இடித்தது. பார் மேசைக்கு 42 அங்குலம் வேண்டுமாம். அடியில் ஆறு அங்குலப் பெட்டி ஒன்று அடித்துத் தூக்கி நிறுத்தினேன். முழங்காலுக்கு இடம் வேண்டும் என்பதால் மேல்பலகையை முன்பக்கம் பத்து அங்குலம் நீட்டிவிட்டேன். மழைக்காலம் வேறு. மூன்று பூச்சு வார்னிஷ் காய ஒரு வாரம் ஆனது. விஸ்கி போத்தலைப் படுக்க வைக்கக்கூடாது, தக்கை கெட்டுவிடும் என்பதால் தட்டுகளைப் போத்தல் நிற்கும் உயரத்துக்கு அடித்தேன்.

எல்லாம் முடிந்த பிறகுதான் அம்மா ஞாபகம் வந்தது. மறுநாள் அவர் வருகிறார்.

தாத்தா பால்மரம் வெட்டியவர். சம்பள நாளன்று கள்ளுக்கடை வாசலில் நின்று அவரைக் கூட்டிவருவது சிறுமியாக இருந்த அம்மாவின் வேலை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூடு என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. அம்மா பிறந்தது அதற்கு இருபது ஆண்டு கழித்து. அவருடைய தோட்டத்தில் அப்போதும் கடை இருந்தது.

வந்தார். மேசையைச் சுற்றிப் பார்த்தார். மேல்பலகையைக் கையால் தடவினார். மைக் முன்னால் மூன்று மணி நேரம் பேசுகிற எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

"வேலை சுத்தமா இருக்குய்யா" என்றார். பிறகு கீழ்த்தட்டைக் காட்டி, "பிள்ளைக்கு எட்டுதே. பூட்டு எங்க?"

எனக்குத் தோன்றவே இல்லை. மகளுக்கு ஆறு வயது.

அன்று மாலையே கதவும் பூட்டும் போட்டேன். கதவு கொஞ்சம் கோணல்தான். சாவி இப்போது அம்மாவிடம் இருக்கிறது. சனிக்கிழமை நண்பர்கள் வந்தால் போய்க் கேட்டு வாங்க வேண்டும். "எத்தனை பேரு?" என்று கேட்டுவிட்டுத்தான் தருகிறார்.