எஸ்.பி.பி.யைக் காணோம் (அல்லது, ஆம்ப்புக்கு எந்த ஜாக்?)

போன வருஷம் ஒருநாள் உக்கடத்துல பொள்ளாச்சி பஸ் ஏறினேன். ஜன்னலோர சீட்டு. சட்டைப்பையில நானே சால்டர் பண்ணின குட்டி ஹெட்போன் ஆம்ப், காதுல 'தளபதி' பாட்டு. வேற என்ன வேணும்? கிணத்துக்கடவு தாண்டறப்ப திடீர்னு எஸ்.பி.பி.யைக் காணோம்! நெசமாத்தானுங்க. வயலின் இருக்கு, கோரஸ் எங்கியோ கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி வருது, அவர் குரல் மட்டும் இல்லை. பிளக்கை லேசாத் திருகினேன், மனுஷன் வந்துட்டார். பஸ் ஒரு குலுக்கு குலுக்குச்சு, மறுபடி போயிட்டார்.

பேய் வேலை எல்லாம் இல்லை, ஜாக் வேலை. 3.5 மி.மீ. பிளக்கில் மூணு தொடுமிடம் உண்டு. முனை இடது காதுக்கு, நடு வளையம் வலது காதுக்கு, அடிப்பகுதி ரெண்டுக்கும் பொதுவான கிரவுண்ட். அந்த கிரவுண்ட் மட்டும் விட்டுப்போனா, கரண்ட் இடது காது வழியாப் போய் வலது காது வழியாத் திரும்பும். அப்ப நமக்குக் கேட்கிறது இடத்துக்கும் வலத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான். பாடகர் குரலை வழக்கமா ரெண்டு பக்கமும் சமமா, நட்டநடுவுல வச்சு மிக்ஸ் பண்ணுவாங்க. சமமா இருக்கிறதை ஒண்ணுல இருந்து ஒண்ணு கழிச்சா மிச்சம் என்ன? பூஜ்யம். ஒரு துக்கடா ஸ்பிரிங் தளர்ந்ததுக்கு எஸ்.பி.பி. பலி.

ஆம்ப் கட்டற நம்மாளுங்க ஐ.சி. எது, கெப்பாசிட்டர் எது, பேட்டரி எதுன்னு விடிய விடியப் பேசுவோம். ஜாக்கைப் பத்தி மட்டும் கடைசியில, பெட்டியில ஓட்டை போடறப்பதான் யோசிப்போம். அப்பவும் கேள்வி 'எதுல சத்தம் நல்லா இருக்கும்'ங்கிறதுதான். என் கட்சி வேற. முதல் கேள்வி 'போச்சுன்னா மாத்த முடியுமா?' என்பதாகத்தான் இருக்கணும்.

1937லேயே ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் மின்மோட்டார் செய்த ஊர் இது. இங்க பேரிங் போச்சுன்னு யாரும் மோட்டாரைத் தூக்கிப் போடறதில்லை. எங்க தெரு ரீவைண்டிங் கடை அண்ணன் சொல்வார்: "தேயற சாமான் தேயத்தாஞ் செய்யுமுங்க. கழட்டற மாதிரி வச்சிருக்கானான்னு பாருங்க." ஆம்ப்புல தேயற சாமான் ஜாக்தான். தினமும் நாலு தடவை குத்தி உருவறோம், பையில வச்சு நசுக்கறோம். ஐ.சி. பத்து வருஷம் கம்முனு உட்கார்ந்திருக்கும்.

சரி, கையில என்னென்ன இருக்கு?

6.35 மி.மீ. – 19ஆம் நூற்றாண்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆப்பரேட்டர்கள் குத்தின பிளக்கின் நேர் வாரிசு. யானை பலம். ஆனா சட்டைப்பைக்கு ஆகாது.

3.5 மி.மீ. – டிரான்சிஸ்டர் ரேடியோ காலத்துச் சாமான். ஸ்டீரியோவா உலகம் பூரா பரவினது 1979ல் வந்த சோனி வாக்மேனால. அந்த முதல் வாக்மேன்ல ரெண்டு பேர் சேர்ந்து கேட்க ரெண்டு ஜாக் இருந்துச்சு!

2.5 மி.மீ. பேலன்ஸ்டு – 2014 வாக்குல ஆஸ்டெல் அண்ட் கெர்ன் பிளேயர்களோட பிரபலமாச்சு. ஊசி மாதிரி இருக்கும். பஸ்ல ஒரு முழங்கை பட்டாப் போதும், முனை உள்ளயே நின்னுக்கும்.

4.4 மி.மீ. பேலன்ஸ்டு – 2016ல் ஜப்பானில் தரப்படுத்தினது, அஞ்சு தொடுமிடம். சோனி அதே வருஷம் வாக்மேன்ல வச்சுது. கெட்டியான சாமான், குறை சொல்ல மாட்டேன்.

4 பின் எக்ஸ்.எல்.ஆர். – அருமை, ஆனா மேசைக்கு.

இப்ப பேலன்ஸ்டு பத்தி. ரெண்டு காதுக்கும் கிரவுண்ட் தனியா இருந்தா ஒரு பக்கச் சத்தம் மறு பக்கம் கசியாதுன்னு சொல்வாங்க. உண்மைதான், ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. 32 ஓம் ஹெட்போன், பொது கிரவுண்டில் 0.1 ஓம் தடைன்னா கசிவு 320ல் ஒரு பங்கு, சுமார் மைனஸ் 50 டெசிபல். பாட்டு ஓடறப்ப அது உங்க காதுக்குத் தெரிஞ்சா கோவில் கட்டிடலாம். ஆனா அதே ஸ்பிரிங் தேஞ்சு தடை 1 ஓம் ஆச்சுன்னா மைனஸ் 30. ஆக, பிரச்சினை 3.5ல இல்லை, தேஞ்ச 3.5ல.

பேலன்ஸ்டுக்கு நியாயமான காரணம் ஒண்ணு உண்டு: அதே பேட்டரியில ரெட்டிப்பு வோல்ட்டேஜ். 300 ஓம் சென்ஹைசர் எச்டி 600 மாதிரி முரட்டு ஹெட்போன் வச்சிருந்தா அது உதவும். இயர்போனுக்கு எதுக்கு? அதுக்கு ஆம்ப்போட இரைச்சல்தான் கூடக் கேட்கும்.

இன்னொரு வயித்தெரிச்சல். ஒரு ரெடிமேட் 4.4 ஆம்ப் வாங்கி, அவசரத்துக்கு 3.5 ஹெட்போனை அடாப்டர் போட்டுக் குத்தினேன். பேலன்ஸ்டுல இடது மைனஸ், வலது மைனஸ் ரெண்டுக்குப் பின்னாலயும் தனித்தனி ஆம்ப் ஓடுது. அடாப்டர் அந்த ரெண்டையும் ஒண்ணாக் கட்டிப் போட்டுது. ஒரு சேனல் காலி. தெரியாம குத்தின தப்பு என்னுதுதான். ஆனா குத்தக்கூடாத இடத்துல குத்த முடியுது பாருங்க, அதுவும் ஒரு குறைதானே?

"ஜாக்கே செத்துப்போச்சு, 2016ல் ஐபோன் 7லயே எடுத்துட்டாங்க"ன்னு ஒரு கோஷ்டி கிளம்பும். டைப்-சி டாங்கிள் வாங்கினவங்க அதோட மறுமுனையைப் பாருங்க சாமி. அங்க உட்கார்ந்திருக்கிறது யாரு? அதே 3.5 :-)

ஆக என் தீர்ப்பு:

1. கையடக்க ஆம்ப்புக்கு 3.5 ஒண்ணு போதும். பெயர் சொல்லாத ஒரு பொறியாளர் 2011ல் வெளியிட்டு, உலகமே கட்டிப் பார்த்த ஓ2 ஆம்ப்புல கூட முகப்புல இருக்கிறது 3.5தான்.

2. போர்டுல மட்டும் சால்டர் பண்ற ஜாக் வேண்டாம். ஒவ்வொரு இழுப்பும் சால்டர் மேலதான் விழும். பெட்டி முகப்புல நட்டு போட்டு இறுக்கற ஜாக் வாங்கி, போர்டுக்கு ஒயர்ல இழுங்க. கிரவுண்ட் ஒயர் கொஞ்சம் தடியா இருக்கட்டும்.

3. பேலன்ஸ்டு கட்டாயம் வேணும்னா 4.4. புதுசாக் கட்டறதுல 2.5 வேண்டவே வேண்டாம்.

4. உள்ளூர்க் கடையில கிடைக்கிற சாமானா இருக்கட்டும். காந்திபுரத்துல நட்டு வச்ச 3.5 கேட்டா டப்பாவோட எடுத்து வச்சாங்க. 4.4 கேட்டதுக்கு ஸ்பேனரான்னு கேட்டாங்க.

என் பழைய ஆம்ப்புல போர்டு ஜாக்கைப் பிடுங்கிட்டு நட்டு வச்சது போட்டேன். அரை மணி நேர வேலை. போன வாரம் அதே பொள்ளாச்சி பஸ், அதே குலுக்கல். எஸ்.பி.பி. கடைசி ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்தார்.

பி.கு.: ஜாக் கரகரன்னா எடுத்த எடுப்புல மாத்தாதீங்க. ஆம்ப்பை ஆஃப் பண்ணிட்டு, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டு பிளக்கைத் துடைச்சு நாலு தடவை குத்தி எடுத்துப் பாருங்க. பாதி நேரம் வெறும் அழுக்குதான்.