பூட்டுக்கும் வில்லங்கம் பார்க்க வேண்டும்

நிலம் வாங்குகிறவர் விற்பவர் காட்டும் பத்திரத்தோடு நின்றுவிடுவதில்லை. வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார். பத்திரத்தில் முத்திரையும் கையெழுத்தும் சரியாகவே இருக்கலாம். அதே மனைக்கு வேறொருவர் பெயரில் இன்னொரு பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்பதை அந்தத் தாள் சொல்லாது, பதிவேடுதான் சொல்லும். இணையத்தில் வங்கிக் கணக்கைத் திறக்கும்போது நாம் நம்புவதும் ஒரு பத்திரத்தைத்தான். அதற்குப் பெயர் பாதுகாப்புச் சான்றிதழ். அதற்கும் வில்லங்கம் பார்க்கும் வழி இப்போது இருக்கிறது. உலாவிகளில் தன் சொந்த மூலச் சான்றிதழ் இடம்பெற வேண்டும் என்று விரும்பும் இந்திய அரசு, முதலில் அந்த வழியைத் தனக்கே கட்டாயமாக்கிக்கொள்ள வேண்டும்.

மறைகுறியாக்கம் இருந்தால் போதும், தகவல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. போய்ச் சேரும், யாரிடம் என்பதுதான் கேள்வி. நடுவில் ஒருவர் நம்மிடம் வங்கியாகவும் வங்கியிடம் நாமாகவும் நடித்தால், இரு பக்கமும் எவ்வளவு வலுவான மறைகுறியாக்கம் இருந்தாலும் கடவுச்சொல் அவர் கண்ணில் பட்டே தீரும். எதிரே இருப்பது அந்த வங்கியின் சேவையகம்தான் என்று உறுதி சொல்வது சான்றிதழின் வேலை. அதில் கையெழுத்திடுபவை சான்றளிப்பு நிறுவனங்கள். எவற்றின் கையெழுத்தை ஏற்கலாம் என்ற பட்டியல், அதாவது அவற்றின் மூலச் சான்றிதழ்களின் தொகுப்பு, உலாவியிலோ இயங்குதளத்திலோ முன்பே பதிந்திருக்கிறது. பட்டியலில் உள்ள ஏறக்குறைய எந்த நிறுவனமும் உலகின் எந்த இணைய முகவரிக்கும் சான்றிதழ் தந்துவிட முடியும் என்பதே இந்த ஏற்பாட்டின் பெரிய பலவீனம். ஒரு நிறுவனம் சறுக்கினால் மற்ற எல்லாருடைய கவனமும் வீண்.

2011-ல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனம் சறுக்கியது. அதன் கணினிகளுக்குள் ஊடுருவியவர் 500-க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை உருவாக்கினார். ஜூலை 10 அன்று கூகுளின் பெயரில் உருவான போலி, ஆகஸ்ட் இறுதியில்தான் வெளியே தெரிந்தது. கூகுள் தன் முகவரிகளுக்காகக் குரோமில் தனியாகப் பதித்துவைத்திருந்த ஒரு சோதனை, ஈரானில் இருந்த ஒரு பயனரை எச்சரித்ததால் வந்த வெளிச்சம் அது. அதற்குள் சுமார் 3 லட்சம் ஐபி முகவரிகள், பெரும்பாலும் ஈரானைச் சேர்ந்தவை, அந்தப் போலியைச் சந்தித்திருந்தன. ஊடுருவலை ஜூலையிலேயே கண்டுகொண்ட நிறுவனம் வாய் திறக்கவில்லை. செப்டம்பரில் அது திவாலானது. ஆனால், அதற்குள் கடிதங்கள் படிக்கப்பட்டுவிட்ட மக்களுக்கு அதனால் என்ன ஆறுதல்?

நம் நாட்டு நிகழ்வு இன்னும் கூர்மையான பாடம். 2014 ஜூலை 2 அன்று, தன் முகவரிகளுக்கு அனுமதியில்லாத சான்றிதழ்கள் உலவுவதைக் கூகுள் கண்டது. வழங்கியது மத்திய அரசின் தேசியத் தகவலியல் மையம். அதற்கு மேலே இருந்த கையெழுத்து, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் அமைந்த சான்றளிப்பு அதிகாரிகளின் கட்டுப்பாட்டாளருடையது. அவருடைய மூலச் சான்றிதழ் மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இருந்ததால் விண்டோஸ் கணினிகள் இவற்றை ஏற்கும் நிலையில் இருந்தன. தனிப் பட்டியல் வைத்திருந்த ஃபயர்ஃபாக்ஸ் தப்பித்தது. மறுநாளே, மையத்துக்குக் கையெழுத்திடும் அதிகாரம் தந்த இடைநிலைச் சான்றிதழ்களைக் கட்டுப்பாட்டாளர் ரத்து செய்தார். அந்த விரைவு பாராட்டுக்குரியது. பிறகு வந்ததுதான் கவலை தருகிறது. தவறாக வழங்கப்பட்டவை நான்கு மட்டுமே, மூன்று கூகுளுக்கு, ஒன்று யாகூவுக்கு என்றார் கட்டுப்பாட்டாளர். அந்த நான்கில் சேராதவற்றையும் பார்த்திருக்கிறோம் என்றது கூகுள். சேதத்தின் அளவு தெரியவில்லை என்று முடிவுகட்டி, இந்திய மூலச் சான்றிதழை அரசு, கல்வி, வங்கி முகவரிகள் உள்ளிட்ட சிலவற்றுக்கு மட்டும் என்று குரோமில் சுருக்கிவிட்டது. யாரும் பொய் சொன்னார்கள் என்று நான் கருதவில்லை. திருடன் புகுந்த கடையின் கணக்கை வைத்து, எத்தனை போயிற்று என்று உறுதியாக எண்ண முடியாது. வெளியே, பிறர் கையில் ஒரு பதிவேடு வேண்டும்.

அந்தப் பதிவேட்டுக்கான வரைவு 2013-ல் கூகுள் பொறியாளர்களிடமிருந்து வந்தது. சான்றிதழ் வெளிப்படைத்தன்மை என்று அதைச் சொல்லலாம். ஒவ்வொரு சான்றிதழும் பொதுப் பதிவேடுகளில் ஏற வேண்டும். ஏறியதற்கான ரசீது இல்லாவிட்டால் உலாவி ஏற்காது. ஒரு பதிவை அழித்தாலோ திருத்தினாலோ கணித முறையிலேயே காட்டிக்கொடுக்கும்படி பதிவுகள் பின்னப்பட்டிருக்கின்றன. 2018-ல் குரோமும் ஆப்பிளும் இதைக் கட்டாயமாக்கின. பயன் அதற்கு முன்பே தெரிந்துவிட்டது. 2015 செப்டம்பரில், கேட்காமலேயே கூகுளின் பெயரில் உருவான ஒரு சான்றிதழ் இந்தப் பதிவேட்டில் அகப்பட்டது. தந்தது சைமன்டெக், அத்துறையின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று. இப்படி 23 சோதனைச் சான்றிதழ்கள் இருந்தன என்றது அந்நிறுவனம். பதிவேட்டைச் சில நிமிடங்கள் துழாவிய கூகுள் மேலும் சிலவற்றை எடுத்துக்காட்டியது. மறுபடி எண்ணியபோது 164 கூடின. யாருமே வாங்கிப் பதியாத முகவரிகளின் பெயரில் 2,458 இருந்தன. புதுடெல்லியின் நான்கை யாராலும் சரிபார்க்க முடியவில்லை; சைமன்டெக்கின் 23-ஐச் சரிபார்க்க முடிந்தது. வேறுபாடு நேர்மையில் இல்லை, பதிவேட்டில் இருக்கிறது.

இதற்கு எழும் வலுவான மறுப்பு இறையாண்மை பற்றியது. எந்த நாட்டின் கையெழுத்து செல்லும் என்பதை, பட்டியல்களை வைத்திருக்கும் கூகுள், ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லா என்ற நான்கு அமெரிக்க அமைப்புகள் தீர்மானிப்பதா? நியாயமான கேள்வி. 2023-ல் மத்திய அரசு அறிவித்த இந்திய உலாவிப் போட்டியின் பின்னணியும் இதுதான்: இந்திய மூலச் சான்றிதழை உள்ளடக்கிய உள்நாட்டு உலாவி. சென்னையில் தலைமையகம் கொண்ட சோஹோ அதில் முதல் பரிசு பெற்றது. இந்த முயற்சியை வரவேற்கிறேன். ஆனால் அரசு கையில் வைத்திருக்கும் மூலச் சான்றிதழ் கேடயமாகவும் ஆகலாம், ஒட்டுக்கேட்கும் கருவியாகவும் ஆகலாம். 2019-ல் கஜகஸ்தான் தன் குடிமக்களை ஒரு தேசியச் சான்றிதழை நிறுவச் சொன்னது, அவர்களுடைய இணையப் போக்குவரத்தை நடுவில் பிரித்துப் பார்க்கத்தான். கூகுள், மொசில்லா, ஆப்பிள் மூன்றும் அதைத் தடுத்தன. நாம் அந்த வகை அல்ல என்று நிரூபிக்க வாக்குறுதி போதாது. வழங்கும் ஒவ்வொரு சான்றிதழும் உலகறிய ஏறும் பதிவேடே நிரூபணம். அதை நடத்துவது அயல்நாட்டு நிறுவனம்தான் என்ற கட்டாயமும் இல்லை.

பதிவேடு திறந்திருந்தால் நிறுவனங்களின் உள் முகவரிப் பெயர்கள் தாக்குபவர்கள் கண்ணிலும் படும் என்பது இன்னொரு மறுப்பு. உண்மைதான், படும். ரகசியத் திட்டத்தின் பெயரை முகவரியில் வைக்காமல் இருப்பது அதற்கு எளிய தற்காப்பு. மோசடிக்காரர்களும் முறையாகப் பதிந்து சான்றிதழ் வாங்குகிறார்களே என்பதும் மெய்யே. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற சான்றளிப்பு நிறுவனம் 2015 முதல் இலவசமாகத் தருவதால், சான்றிதழ் இருப்பதைக் காட்டும் பூட்டு எல்லாருக்கும் வந்துவிட்டது. அதனாலேயே 2023-ல் குரோம் அந்தப் பூட்டுச் சின்னத்தை எடுத்துவிட்டது. முகவரி யாருடையது என்பதையே சான்றிதழ் சொல்லும், அவருடைய குணத்தைச் சொல்லாது. பதிவேடும் அதை மாற்றாது. ஆனால் தன் பெயரைப் போன்ற போலி முகவரிக்குச் சான்றிதழ் வழங்கப்பட்டதை ஒரு கூட்டுறவு வங்கிகூட அன்றைக்கே அறிந்துகொள்ளலாம். அப்படிக் கண்காணித்து எச்சரிக்கும் பொறுப்பை இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவுக்குத் தந்து, பதிவேறாத எந்தச் சான்றிதழும் செல்லாது என்று கட்டுப்பாட்டாளரின் விதிகளில் ஒரு வரி சேர்த்தால், உள்நாட்டு உலாவி வெளிவரும் நாளிலேயே அது நம்பும் இந்தியச் சான்றிதழ்களின் கணக்கை எந்தக் குடிமகனும் புரட்டிப் பார்க்கலாம்.